சாரனைத் தூக்கச் சொன்ன நாள்

முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் கால்களைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை. கல்முனைச் சந்தையில் யாராவது சலாம் சொன்னாலும் வணக்கம் சொன்னாலும் என் கண் முதலில் முழங்காலுக்குத்தான் போகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேடையேறும்போது, "இடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சு நடக்கிறார்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பெண்ணின் தாய் பக்கத்துக் கதிரையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சாப்பாடு முடியுமட்டும் அந்த மனுசி என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

நீங்கள் இப்போதுதான் இந்த இயன்மருத்துவ வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பயிற்சிகள், அளவுகள், கருவிகள் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை. வளைந்த கால் விஷயத்தில் நான் இரண்டு தடவை பிழை விட்டேன். முதலாவது அவசரத்தில் வந்தது. இரண்டாவது, முதலாவதில் படித்த பாடமே போதும் என்ற நினைப்பில் வந்தது.

முதலாவது சின்னக் கதை. வேலைக்குச் சேர்ந்த வருடம், வினாயகபுரத்திலிருந்து ஒரு மீனவரும் மனைவியும் பதினைந்து மாத ஆண் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு பந்தை வைத்துக்கொண்டு நடப்பது போல நடந்தது. எனக்கு ஒரே உற்சாகம். படித்ததையெல்லாம் காட்டிவிட ஓர் ஆள் கிடைத்துவிட்டதே! பிளாஸ்ரரில் மட்டை செய்து, துணிப்பட்டியால் இரண்டு காலையும் இறுக்கிக் கட்டி அனுப்பினேன். ஒரு கிழமைக்குப் பிறகு வந்த பிள்ளை நடக்கவேயில்லை. நிலத்தில் குந்தியிருந்து என்னைக் கண்டதும் வீரிட்டது.

அன்றைக்கென்று மட்டக்களப்பிலிருந்து மேற்பார்வைக்கு ஒரு மூத்த அலுவலர் வந்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். நிலத்தில் அமர்ந்து அந்தக் கட்டுகளை அவிழ்த்தார். பிள்ளையின் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, பிறகு அதை வாங்கி அறையின் மறு பக்கம் போட்டார். பிள்ளை எழும்பித் தத்தித் தத்திப் போய் எடுத்தது. போகும் வழியெல்லாம் அவர் அதன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்ல," என்றார் என்னிடம். "உனக்குத்தான் அவசரம்."

பிறகு தாய்க்கு விளங்கப்படுத்தினார். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால் வளைந்துதான் வரும். இரண்டு வயது தாண்ட நிமிரும். மூன்று, நான்கு வயதில் எதிர்ப்பக்கம் போய் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். அப்போதும் பயப்பட வேண்டாம். ஏழு, எட்டு வயதில் தானாகவே சரிவரும். ஒரு கால் மட்டும் வளைந்தால், வயது போகப் போக வளைவு கூடினால், நோவு இருந்தால், பிள்ளை வளர்த்தியில்லாமல் குறுகி நின்றால், அப்போது ஓடி வா. அவ்வளவுதான்.

அந்த விளக்கத்தை நான் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நூறு தாய்மார் வந்தால் தொண்ணூறு பேருக்கு அதையே சொன்னேன். தொண்ணூறு பேருக்கும் சரியாகத்தான் இருந்தது. "கால் வளைஞ்சா அந்த மிஸ்ஸிட்டக் காட்டு, சிரிச்சுப்போட்டு அனுப்பிவிடுவா" என்று ஊரில் பெயரும் எடுத்தேன். நல்ல பாடந்தான். ஆனால் நல்ல பாடமும் நாளடைவில் ஆளைக் கண் மூட வைத்துவிடும்.

இனி இரண்டாவது கதை.

பர்ஹானா என்றொரு பிள்ளை, இருபத்து நான்கு வயதிருக்கும், தன் மகள் ஹனாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹனாவுக்கு இரண்டரை வயது. கூடவே பர்ஹானாவின் மதினி, அதாவது மாப்பிள்ளையின் அக்கா, ஜெஸீமாவும் வந்தார். ஐம்பதைத் தொடும் வயது. வீட்டிலேயே அபாயா தைத்து விற்கும் கெட்டிக்காரி. தாய் மவுத்தான பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் முடித்துக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் பக்கத்து முஸ்லிம் வழக்கப்படி அந்தத் தம்பி றிஸ்வான் பெண் வீட்டில்தான் குடியிருந்தார். ஆனாலும் கிளினிக் நாளென்றால் ஜெஸீமா விடிய எழும்பி வந்து நிற்பார்.

றிஸ்வான் உள்ளே வரமாட்டார். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர். ஆட்களை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலுக்கு அங்கால் சாரனைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் யன்னலால் பார்த்தால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். எங்கள் அறிமுகம் அவ்வளவுதான்.

முதல் நாள் நான் வழமைபோலச் சிரித்தேன். ஹனாவைக் கிடத்தி, கணுக்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முழங்கால்களுக்கு இடையில் விரலை வைத்தேன். நான்கு விரல் போனது. அந்த வயதுக்கு அது கூடுதல். அதனால் டொக்டரிடம் அனுப்பினேன். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ரிக்கெட்ஸ் என்றார். எலும்பு இறுகாமல் இளகி நிற்கும் வருத்தம். வெயில் படாததாலும் விற்றமின் டி குறைவதாலும் வருவது. கரண்டியில் குடிக்கும் பாணி மருந்து எழுதினார்; காலை வெயிலில் பிள்ளையை விளையாட விடச் சொன்னார்.

ஜெஸீமா என் மேசைக்கருகே வந்து, "நான் அப்பயே சொன்னன் மிஸ்," என்றார். "எங்கட பரம்பரையில இப்படிக் கால் இல்ல. புள்ளைய அறைக்குள்ளயே பூட்டி வெச்சி, கையில போனக் குடுத்து வளத்தா எலும்பு எப்படி இறுகும்?"

பர்ஹானா ஹனாவின் சப்பாத்தைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் அந்த நேரத்துக்குள் எக்ஸ்ரேயில் எலும்பு இறுகத் தொடங்கியது தெரிய வேண்டும். தெரியவில்லை. என் விரல்கள் நான்கரை போயின.

அன்றைக்கு எனக்கு நாற்பது பேர் வரிசையில். மின்விசிறி வேறு ஓடவில்லை. "மருந்து குடுக்கிறியா இல்லையா?" என்று கேட்டேன்.

"குடுக்கிறன் மிஸ். ஒரு நாளும் தவறல்ல."

"குடுத்தா ஏன் இப்படி இருக்கு? மருந்து பொய் சொல்லாது மகள்."

ஜெஸீமா வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவருடைய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தாய் மருந்தை ஒழுங்காகக் கொடுப்பதாகத் தெரியவில்லை.'

பிள்ளைகளே, கோப்பில் எழுதும் ஒரு வரிக்குக் கால் முளைத்துவிடும். அடுத்த மூன்று மாதத்தில் வந்தபோது வளைவு இன்னும் கூடியிருந்தது. அதற்குள் பழைய டொக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகி, புதியவர் வந்திருந்தார். அவர் கோப்பைத் திறந்தார், என் வரியை வாசித்தார், 'சரி, கொடுக்காத மருந்து எப்படி வேலை செய்யும்' என்று அதே மருந்தை மறுபடி எழுதினார். அவர் மேல் பிழையில்லை. அவருக்குச் சிந்திக்க ஒரு கதவு இருந்தது. அதை நான் ஏற்கெனவே சாத்திவிட்டேன்.

அதற்கடுத்த கிளினிக் மாரி மழையில் வந்தது. இரவிரவாக ஊற்றிய மழை காலையிலும் விடவில்லை. முற்றம் குளமாகிவிட்டது. வரிசையில் பாதிப்பேர் வரவில்லை. பர்ஹானா வந்திருந்தாள், ஜெஸீமாவும் வந்திருந்தார். ஹனாவை நான் கிடத்தப் போகும்போது பர்ஹானா என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், கோப்பில நீங்க எழுதினத நான் வாசிச்சன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தாய்மாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதென்று யார் சொன்னது? அவள் உயர்தரம் படித்தவள். நான் கேட்கவேயில்லை.

அவள் போனைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஹனா குசினி வாசலில் நிற்கிறாள். ஒரு கரண்டி வருகிறது. "பிஸ்மி சொல்லிக் குடிங்க மகள்" என்று பர்ஹானாவின் குரல். ஹனா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறாள். பர்ஹானா விரலால் தள்ளினாள். அடுத்த நாள். அதே வாசல், அதே கரண்டி. அடுத்த நாள். காய்ச்சலில் பாயில் படுத்திருக்கும்போதும் ஒன்று. பெருநாள் உடுப்போடும் ஒன்று. தள்ளத் தள்ள ஹனாவின் தலைமயிர் தோள்வரை வளர்ந்துகொண்டே வந்தது.

"இதையெல்லாம் எனக்குக் காட்டவா எடுத்த?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். மதினிக்கு அனுப்ப. அவவும் நம்பல்ல. ஒவ்வொரு நாளும் எடுத்து வட்சப்பில போடுறனான்."

நான் ஜெஸீமாவைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். எல்லா வீடியோவும் அவர் கைக்குப் போயிருக்கிறது. அன்று நான் அவளை ஏசும்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

அளந்தேன். ஐந்து விரல். டொக்டர் அதே மருந்தையே கொஞ்சம் கூட்டி எழுதினார். அவருக்கு அவசரம், பாலத்தடியில் தண்ணீர் ஏறுகிறதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். அம்பாறையிலிருந்து வரும் சிங்களப் பொடியன் அவர், எங்களிடமே தமிழ் பழகியவர். கார் சாவி ஏற்கெனவே கையில். பர்ஹானா ஹனாவைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். நான் யன்னலடியில் நின்றேன். மருந்து உண்மையாகவே உள்ளே போயிருக்கிறது. கால் இன்னும் வளைகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? யோசிக்க முடியவில்லை. வெட்கத்தில் மூளை ஓடாது, அதுவும் ஒரு பாடம்.

அப்போதுதான் றிஸ்வான் பிள்ளையைத் தூக்கிப் போக உள்ளே வந்தார். முற்றத்தில் முழங்காலுக்குக் கிட்டத் தண்ணீர். வாசலில் ஒரு கணம் தயங்கினார். பிறகு வேறு வழியில்லாமல் சாரனைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அவருடைய இரண்டு காலும் வெளிப்பக்கமாக வில் போல வளைந்திருந்தன. இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தேங்காய் தாராளமாகப் போகும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சாய்ந்தது. ஹனா நடப்பதும் அச்சொட்டாக அப்படித்தான். விறாந்தைப் படியில் ஏறியதும் ஏறாததுமாகச் சாரனைக் கீழே விட்டுவிட்டார். ஹனாவைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

ஒரு வருடமாக அந்த மனிதனுக்கு யன்னலால் தலையாட்டியிருக்கிறேன். கால் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான் அந்தக் காலைப் பார்க்கவில்லை.

டொக்டரின் கார் இயங்கும் சத்தம் கேட்டது. அவரை நிறுத்தினால் என் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். விட்டால் அடுத்த கிளினிக் மூன்று மாதம் கழித்து. உடனே ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகுதான் ஓடினேன். செருப்பு ஒன்று தண்ணீரில் போய்விட்டது.

"டொக்டர், போகாதீங்க!" என்று ஒரு கத்தல். அடுத்த கத்தல் றிஸ்வானுக்கு. "தம்பி! அந்தச் சாரன இன்னொருக்காத் தூக்குங்க!"

விறாந்தையில் இருந்த பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் வாயில் கை வைத்தார்கள். றிஸ்வான் பிள்ளையோடு அப்படியே நின்றார். அவரது காது சிவந்ததை மழையிலும் கண்டேன்.

"என்ன மிஸ் கதை இது?" என்று ஜெஸீமா நடுவில் வந்து நின்றார். "ஆம்புளப் புள்ளைட்ட இப்படியா கதைக்கிற? அது பந்தடிச்ச கால். சின்னதில இருந்து பந்தடிச்சி வளைஞ்சது."

"ஓம், பந்தடிச்சதுதான்," என்றார் றிஸ்வான். அவர் அதை நம்பியே சொன்னார். பாவம், முப்பது வருடமாக அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

டொக்டர் காரை விட்டு இறங்கி, சப்பாத்தோடு தண்ணீரில் நடந்து வந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "டொக்டர், நான் கோப்பில எழுதினது பிழை. மருந்து ஒரு நாள் விடாமக் குடுத்திருக்கிறா. வீடியோ இருக்கு. வாப்பாட காலப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், றிஸ்வானைப் பார்த்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்திய பிறகு சாரன் மறுபடி உயர்ந்தது. டொக்டர் காலைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பல்லு? பல்லு எப்படி?"

"பல்லா டொக்டர்?" றிஸ்வானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாதி புடுங்கியாச்சு. சும்மா இருக்கக்குள்ளயே சீழ் வைக்கும்."

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கார் சாவியை மேசையில் வைத்தார்.

அன்றே வாப்பாவுக்கும் மகளுக்கும் இரத்தம் எடுத்து அனுப்பினோம். ஜெஸீமா தடுத்தார், கோபித்தார், கடைசியில் மழையில் தனியாகவே நடந்து போய்விட்டார்.

முடிவு வந்தபோது நான்கு பேரையும் கூப்பிட்டோம். வாப்பா, மகள் இருவருக்கும் இரத்தத்தில் பொஸ்பேற் என்ற தாதுச்சத்து மிகக் குறைவு. சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடுகிறது. அதில்லாமல் எலும்பு இறுகாது, பல்லும் உறுதியாக வராது. பிறக்கும்போதே கூட வரும் வருத்தம். எவ்வளவு வெயில் காட்டினாலும், எத்தனை போத்தல் விற்றமின் கொடுத்தாலும் அது மட்டும் போதாது. கொழும்பிலுள்ள நிபுணரைப் பார்க்க வேண்டும், பொஸ்பேற் மருந்தை ஒரு நாளைக்குப் பல தடவை கொடுக்க வேண்டும், கூடவே வேறு வகை விற்றமினும் வேண்டும். இந்த வருத்தம் வாப்பாவிடமிருந்து வந்தால் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் வரும், ஆண் பிள்ளைகளுக்கு வராது, உம்மாவிடமிருந்து வந்தால் யாருக்கும் வரலாம் என்பதையும் டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார்.

றிஸ்வான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, என்ட மகளுக்கு இத நான்தான் குடுத்த?"

ஒரு வருடமாக எல்லாருடைய பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்ட பர்ஹானா, அந்த நேரம் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் ஹனாவின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"மூக்கும் உங்களுக்குள்ளதுதான். அதுக்கும் அழப் போறீங்களா?"

டொக்டர் முதலில் சிரித்தார். பிறகு றிஸ்வான். நான் சிரிக்கவில்லை, எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. கோப்பைத் திறந்து பர்ஹானாவின் பக்கம் தள்ளினேன்.

"மகள், அந்த நாள் நான் சொன்னது பிழை. எழுதினதும் பிழை. எல்லாருக்கும் முன்னால ஏசினன், எல்லாருக்கும் முன்னால சொல்றன். என்னை மன்னிக்கணும்."

"வாயால சொன்னாக் காணாது மிஸ்," என்றாள். குரலில் கோபமில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவுமில்லை. "அதிலயே எழுதுங்க."

எழுதினேன். பழைய வரியைக் கோடிட்டு, பக்கத்தில், தாய் ஒரு நாளும் தவறாமல் மருந்து கொடுத்திருக்கிறார், பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவள் முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் கோப்பை மூட விட்டாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, கிளினிக் இல்லாத ஒரு பின்னேரம், ஜெஸீமா தனியாக வந்தார். அறையில் வேறு யாருமில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். திரைச் சீலையையும் இழுக்கச் சொன்னார்.

"மிஸ், நீங்க ஆக்களச் சாரன் தூக்கச் சொல்ற ஆள்தானே," என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "இதையும் பாருங்க."

அபாயாவை முழங்காலுக்கு மேல் உயர்த்தினார். அவரே தைத்தது, நிலத்தில் உரசும் நீளம், நல்ல அகலம். உள்ளே தம்பியைவிட மோசமாக வளைந்த இரண்டு கால்கள். இத்தனை நாளும் அவருடைய ஆட்டமான நடையை நான் மூட்டு வருத்தமென்று நினைத்திருந்தேன். நினைத்தேனே தவிர, கேட்கவில்லை.

"எங்கட பரம்பரையில இல்லையெண்டு சொன்னீங்களே, ஜெஸீமா?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அபாயாவின் விளிம்புத் தையலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கட உம்மாக்கும் இப்படித்தான் மிஸ். உம்மாட கால ஆரும் பாக்கல்ல, என்ட காலத்தான் பாத்தாங்க. அப்ப கால் தெரியச் சட்டை போடுற வயசு. புள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியாதவ எண்டு ஊரே உம்மாவ ஏசினது. பால் குடுக்கல்லயாம், தவழ விடாம நிக்க வெச்சதாம். உம்மா ஒண்டும் கதைக்க மாட்டா. குசினிக்குள்ள போயிருவா."

"நீங்க?"

"நானும் அத நம்பினன்." தையலில் இருந்த விரல் நின்றது. "எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளை, காலக் கேள்விப்பட்டு வேணாமெண்டு போன அண்டைக்கு, உம்மாட மூஞ்சிக்கு நேர கேட்டன். என்ன நீங்க சரியா வளத்திருந்தா எனக்கு இப்படி வருமா எண்டு. உம்மா அதுக்கும் ஒண்டும் சொல்லல்ல. அடுத்த நோன்புக்குள்ள மவுத்தாயிட்டா."

நான் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"தம்பிக்கும் கால் வளையத் தொடங்கினதும் எனக்குப் பயம் புடிச்சிட்டு மிஸ். அவன வளத்தது நான். பந்தடிச்ச கால் எண்டு எல்லாருக்கும் சொல்லி வெச்சன். மறுகா ஹனாட கால் வளையக்குள்ள பர்ஹானாவப் புடிச்சன். வளக்கத் தெரியாதவ எண்டு. எங்கட உம்மாக்குச் சொன்ன அதே சொல்லு. வீடியோ வாறத்த ஒவ்வொரு நாளும் பாத்தன். பாத்துப்போட்டும் சொன்னன்."

பிறகு அவர் என்னிடம் கேட்டார், ஒரு பிள்ளை கேட்பது போல. "மிஸ், உண்மையாவே எங்கட உம்மா ஒண்டும் பிழை செய்யல்லயா?"

"ஒரு பிழையும் செய்யல்ல," என்றேன். "உங்கட உம்மா தங்கத்தட்டில வெச்சி வளத்திருந்தாலும் உங்கட கால் வளைஞ்சுதான் இருக்கும். அது பிறக்கக்குள்ள கூட வந்தது. அவக்கும் அப்படித்தான் வந்திருக்கும்."

அவர் அழுதார். நான் இத்தனை வருடத்தில் வலியில் அழுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகை வேறு. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். இந்தத் தொழிலில் சும்மா இருக்கவும் பழக வேண்டும். எனக்கு அது கடைசி வருடங்களில்தான் வந்தது.

அழுகை ஓய்ந்த பிறகு, வலத் தொடையில் பல மாதமாகக் குத்துகிறது என்று போகிற போக்கில் சொன்னார். தையல் மிசினை மிதிப்பதால் என்று நினைத்தாராம். அழுத்திப் பார்த்தேன், துள்ளினார். அடுத்த நாளே எக்ஸ்ரே. தொடை எலும்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இதே வருத்தம் உள்ள பெரியவர்களுக்கு அப்படி வரும். கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு நாள் படியில் இறங்கும்போது எலும்பு முறிந்திருக்கும். வளைந்த கால் சின்னப் பிள்ளைகளின் விஷயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வளைவோடு வளர்ந்த பெரியவர்கள் நம்மைச் சுற்றி நடமாடுகிறார்கள். முழங்கால் தேய்ந்து நோகும்வரை, அல்லது எலும்பு வெடிக்கும்வரை, அவர்கள் நம்மிடம் வரமாட்டார்கள்.

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஹனாவின் கால் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நிமிரவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் ஐந்து விரல் இரண்டாகியது. ஆளும் கொஞ்சம் உயர்ந்தாள். வகுப்பு நேரத்திலும் மருந்து கொடுக்கச் சொல்லிப் பாலர் பாடசாலை மிஸ்ஸை வாசலில் பிடித்து நிறுத்திப் பேசியவள் பர்ஹானாதான். ஜெஸீமாவுக்கு மருந்தும் ஊன்றுகோலும் ஓய்வும் கொடுத்து, வெடிப்பு பொருந்தியது. கால் மிசினை விட்டு மோட்டர் மிசினுக்கு மாறினார். றிஸ்வானை மட்டும் அவருடைய காலுக்காகக் கிளினிக்குக் கொண்டுவர முடியவில்லை. "எனக்கென்ன மிஸ், நான் நிண்டு கொத்துப் போடுற ஆள்" என்பார். கடைசியில் ஹனா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். என்னைக் கண்டதும் சாரனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஊன்றுகோலை விட்ட நாளில் ஜெஸீமா எனக்கு ஒரு பை நிறையத் துணி கொண்டுவந்தார். வாங்க மாட்டேன் என்றேன். அப்படியென்றால் நான் சொல்வதையாவது கேளுங்கள் என்றார்.

"இனிமேக் கால் வளைஞ்ச புள்ளையோட ஒரு உம்மா வந்தா, காலப் புறகு பாருங்க மிஸ். முதல்ல அவட்டச் சொல்லுங்க, இது உங்கட பிழையில்ல எண்டு. எங்கட உம்மாக்கு ஆரும் சொல்லல்ல."

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தேன். தானாக நிமிரும் காலென்றாலும், மருந்து வேண்டிய காலென்றாலும், சத்திரசிகிச்சை வேண்டிய காலென்றாலும், முதலில் அதைத்தான் சொன்னேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். அதுவரை கதிரையின் நுனியில் இருந்த தாய், பிள்ளையை மடியில் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டு, முதுகைச் சாய்த்து உட்காருவாள். பிறகு நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குவாள்.